அத்தான் தேடிய சின்ன ஹெல்மட்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்குத்தான் போவான். வீடு பெண்ணுக்கு. பெற்றவர்கள் அதே வளவுக்குள் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். உன்னிச்சையில் நெல் வெள்ளாமை செய்துகொண்டிருந்தவர், என் அக்காவைக் கலியாணம் முடித்த அத்தான், ஆரையம்பதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்ததும் அப்படித்தான். ஒரு உடுப்புப் பை, ஒரு மோட்டார்சைக்கிள், ஒரு மண்வெட்டி. அப்பா வாவியில் மீன்பிடிக்கிறவர். மண்வெட்டியைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் மெல்லக் கேட்டார்:

"மருமகன் இஞ்ச எதக் கொத்தப் போறாராம்? வாவியையா?"

எட்டு வருடமாக எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெரு முழுவதும், அவருக்கு 'உன்னிச்சையார்' என்றுதான் பெயர். சொந்தப் பெயர் தெரிந்தவர்கள் இருந்திருக்கலாம். அதைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இருக்கவில்லை. விதைப்புக்கும் வெட்டுக்கும் தன் ஊருக்குப் போவார், முடிந்ததும் திரும்பி வருவார். வந்தால் மருமகன், போனால் உன்னிச்சையார்.

இந்த வழக்கத்துக்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. ஓர் ஆண் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டால், அந்தக் குடும்பம் முடிந்தது என்று ஊர் எழுதிவிடும். சண்டை நடந்திருக்கத் தேவையில்லை. அத்தான் அப்படிப் போய்விட்டார் என்று நாங்கள் எல்லோரும் பயந்த மூன்று கிழமையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அவர் போனதில் என் பங்கு எவ்வளவு என்பதையும் எழுதவேண்டும். அதை மறைத்தால் இதை எழுதுவதில் பயனில்லை.

அக்காவுக்கும் அத்தானுக்கும் ஒரே மகள். ஆறு வயது, முதலாம் வகுப்பு. தைப்பொங்கல் கழிந்த கிழமை டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனாள். ஐந்து நாள் காய்ச்சல், அவ்வளவுதான்.

அவள் பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமைகளில் தகப்பனோடு உன்னிச்சைக்குப் போவாள். மோட்டார்சைக்கிளில் அவருக்கு முன்னால், பெற்றோல் டாங்கியின் மேல் இருப்பாள். அதற்கென்று அத்தான் பட்டணத்தில் ரோசா நிறத்தில் ஒரு சின்ன ஹெல்மட் வாங்கியிருந்தார். அதன் பின்பக்கத்தில் அவளே ஒரு வண்ணத்துப்பூச்சி ஸ்டிக்கர் ஒட்டினாள். ஒட்டிய அன்றைக்கே ஒரு சிறகை உரித்தும் பார்த்தாள். அவள் போன பிறகும் அந்த ஹெல்மட் மோட்டார்சைக்கிளின் ஹாண்டிலில் தொங்கிக்கொண்டே இருந்தது.

செத்தவீடு என்றால் எங்கள் ஒழுங்கைக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரியும். எட்டு நாளும் எங்கள் வளவில் அடுப்பு மூட்டவில்லை. காலையில் ஒரு வீட்டிலிருந்து இடியப்பம், மத்தியானம் இன்னொரு வீட்டிலிருந்து சோறு. அக்காவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போகவும், தலை வாரிவிடவும், பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கவும் பெண்கள் இருந்தார்கள். அவள் அழுதால் சேர்ந்து அழுதார்கள். அவள் அழாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் தாங்களும் பேசாமல் இருந்தார்கள். எதிர்வீட்டு மாமி மீன் விற்கிறவர். வாய் பெரியது. தன் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து அக்காவின் முன்னால் சோற்றுத் தட்டோடு இருப்பார்.

"கொஞ்சம் தின்னு புள்ள. நீ தின்னாட்டி நானும் தின்ன மாட்டன். எனக்குப் பசி தாங்காது, ஒனக்குத் தெரியும்தானே? நான் மயங்கி விழுந்தா இந்த ஒடம்ப ஆர்கா தூக்கிற?"

அக்கா அதற்காகவே இரண்டு வாய் தின்பாள். அந்தப் பெண்கள் இல்லாவிட்டால் அக்கா இன்றைக்கு எழுந்து நடமாடமாட்டாள். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

அந்த நாட்களில் அத்தான் என்ன செய்தார்? ஆட்கள் உட்கார பிளாஸ்டிக் கதிரைகளை இறக்கி அடுக்கினார். வந்தவர்களுக்குப் பிளேன்டீ கொடுத்தார். பந்தல் கயிற்றை இழுத்துக் கட்டினார். வந்த ஆண்கள் அவரிடம், "என்ன தம்பி செய்யிற, எல்லாம் எழுதினபடி" என்பார்கள். கொஞ்சம் பொறுத்து, "இந்த முறை நெல்லு எப்படிப் போகும்?" என்பார்கள். அவரும் பதில் சொல்வார். சோறு கொண்டுவருகிற பெண்கள் அவரைக் கண்டால், "அவ சாப்பிட்டாவா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே போவார்கள். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று யாரும் கேட்டதை நான் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவருடைய ஆட்கள் உன்னிச்சையிலிருந்து ஒரு லொறியில் வந்தார்கள். கதிர் முற்றுகிற காலம், யானைக் காவலுக்கு ஆள் வேண்டும் என்று அன்றைக்கே போய்விட்டார்கள்.

அவர் வீட்டில் அவர் விருந்தாளி போலவும் இல்லை, செத்தவீட்டுக்காரர் போலவும் இல்லை. உதவிக்கு வந்த ஒருவர் போல இருந்தார்.

இதில் நான் எங்கே வருகிறேன் என்றால், நான் படித்தவன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள், பல்கலைக்கழகம் போன முதல் ஆள், பிரதேச செயலகத்தில் மேசை உள்ள முதல் ஆள். அதோடு தாய்மாமன். பிள்ளை தாயின் குடியைச் சேர்ந்தது என்பதால், பிள்ளையின் காரியத்தில் எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சொன்னால் மறுப்பு இல்லை. படிப்பும் மாமன் உரிமையும் சேர்ந்தால் ஒருவன் எவ்வளவு தூரம் பிழைவிடலாம் என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்தச் சமயத்துக்குச் சற்று முன்புதான் அலுவலகத்தில் எங்களை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். துயரத்தில் இருக்கிற குடும்பங்களுக்கு எப்படித் துணைநிற்பது என்பதைப் பற்றியது. என் குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 'தனியே விடக்கூடாது' என்று இருந்தது. 'முறைவைத்துக் கூட இருத்தல்' என்று இருந்தது. அடுத்த வரியில் 'இறந்தவரை நினைவூட்டும் பொருட்களை' என்று எழுதி நிறுத்தியிருந்தேன். அந்த நேரம் தேநீர் வந்திருக்கவேண்டும். மீதியை நானே ஊகித்துக்கொண்டேன். அகற்றவேண்டும், வேறென்ன?

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த கையோடு வேலையைத் தொடங்கினேன். ஏழு நாளுக்கு ஏழு பெண்கள் என்று ஒரு பட்டியலை அச்சடித்து, சமையல் நடக்கிற குசினியின் கதவில் ஒட்டினேன்.

"என்ட நாள் எது மனே?" என்றார் மீன்கார மாமி.

"புதன் மாமி."

"புதன் எனக்கு ஏலா, சந்தை. வியாழனுக்கு மாத்து. மறுகா, இதுல என்ட பேர எங்க எழுதியிருக்காய், காட்டு. ...இவ்வளவு சின்னனாவா எழுதுற?"

பெரிதாக எழுதி மாற்றினேன். பிறகு எல்லோரையும் கூட்டி இரண்டு விசயம் சொன்னேன். ஒன்று, அக்காவுக்கு முன்னால் பிள்ளையின் பெயரை எடுக்கக்கூடாது, பிள்ளையைப் பற்றிக் கதைக்கவும் கூடாது. இரண்டு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் கொஞ்ச நாளைக்கு எங்கள் ஒழுங்கையால் போகவேண்டாம், கோயில் வீதியால் சுற்றிப் போகட்டும். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்பா, "படிச்சவன் சொல்றான், செய்யுங்க" என்றார். அது போதுமாக இருந்தது.

அவளுடைய புத்தகப் பை, சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் ஒரு யூரியாப் பையில் போட்டுக் கட்டி, நாங்கள் இருக்கிற சின்ன வீட்டின் கூரை வளையில், அப்பாவின் பழைய வலைக்கு மேலே வைத்தேன். அன்று பின்னேரம் அத்தான் உன்னிச்சையிலிருந்து வந்து குளிக்கப் போனபோது, ஹாண்டிலில் தொங்கிய ஹெல்மட்டையும் எடுத்து அதே பைக்குள் போட்டேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி எனக்கு இருந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுத்த நாள் விடிய அத்தான் மோட்டார்சைக்கிளைச் சுற்றி இரண்டு முறை நடந்ததைக் கண்டேன். கீழே குனிந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது நல்ல அடையாளமாகப் பட்டது. பொருளைக் காணாவிட்டால் நினைவும் குறையும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் உன்னிச்சைக்குப் போவது கூடியது. வெட்டு என்று போனார். நெல் காயவைக்க என்று போனார். சித்திரைக்குப் பிறகு சிறுபோக விதைப்பு என்று போனவர், விதைப்பு முடிந்தும் வரவில்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை. தொலைபேசியில் அக்கா கேட்டால், "தண்ணி பாக்க வேணும்" என்பார். மூன்றாவது கிழமை அம்மா அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து சொன்னார்:

"உடுப்புப் பையையும் காணல்ல."

குசினிக்குள் பெண்களின் கதை எனக்குக் கேட்டது.

"ஆம்புளைக்கு என்னகா? புள்ளை போன கவலை தாய்க்குத்தான். அவன் நெல்லப் பாக்கப் போயிற்றான்."

"தாய்வீட்டுச் சோறு ருசி கண்டிரிப்பான்."

"பாவம் புள்ள. ஒண்டு போச்செண்டா, இப்ப ரெண்டும் போச்சு."

அக்கா பக்கத்து அறையில்தான் இருந்தாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், என்னைக் கண்டதும் கேட்டாள்:

"தம்பி, பள்ளிக்கூடம் இன்னம் லீவா?"

"இல்லயே. ஏன்?"

"புள்ளையள் போற சத்தம் கேக்கல்ல. காலத்தால ஒரு இரைச்சல் கேக்கும்தானே. மாசக் கணக்கா ஒரு புள்ளயும் இந்தப் பக்கத்தால போகல்ல. என்ட கண்ணு படும் எண்டு பயப்பிடுதுகளா?"

ஊரே தன்னைத் தீட்டுப்பட்டவளாக நினைத்து ஒதுக்குகிறது என்று அவள் நம்பியிருக்கிறாள். ஏழு நாளும் ஏழு பெண்கள் பக்கத்தில் இருந்தும் அவளுக்கு அந்த எண்ணம் வந்திருக்கிறது. நான்தான் சொன்னேன் என்று சொல்ல அப்போது எனக்கு வாய் வரவில்லை. "அத்தானைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று மட்டும் சொன்னேன். ஒரு பிழையை ஒத்துக்கொள்வதற்குப் பதிலாக இன்னொரு வேலையைக் கையில் எடுக்கிற பழக்கம் எனக்கு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மோட்டார்சைக்கிளில் வெளிக்கிட்டேன். மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலை, அங்கிருந்து உள்வீதி. வழியில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினேன். கடைக்காரப் பெண் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி எந்தப் பக்கம்?"

"ஆரையம்பதி."

"ஆரையம்பதியா? அங்க கலியாணம் முடிச்ச ஒராள் இந்த ரோட்டால போறவர், தெரியுமா? கறுப்பு மோட்டர்சைக்கிள். சின்னப்புள்ளைட ஹெல்மட் ஒண்டு எங்கயோ விழுந்திற்றாம். ரோசாக் கலராம், பின்னுக்கு வண்ணத்துப்பூச்சியாம். போகக்குள்ளயும் கேக்கிறார், வரக்குள்ளயும் கேக்கிறார். ரோட்டோரமாத் தடியால புல்ல விலக்கி விலக்கிப் பாத்துக்கொண்டு போவார். நானும் சொன்னன், புதிசு ஒண்டு வாங்கிக் குடுங்களன், புள்ளை வளர்றதுதானே எண்டு. ஒண்டும் பறையாமப் போயிற்றார்."

அவர் கூட்டுவதை நிறுத்தவில்லை. "நானும் பாத்துத்தான் கூட்டுறன். கண்டா எடுத்து வைக்கிறன் எண்டு சொல்லியிருக்கன்" என்றார்.

அந்தத் தேநீரை எப்படிக் குடித்தேன் என்று நினைவில்லை. மாசி தொடங்கி வைகாசி வரை அத்தான் அந்த வீதியின் புல்லுக்குள் தேடியிருக்கிறார். உன்னிச்சையிலிருந்து திரும்பி வந்த அன்று காணாமல்போனதால், வழியில் விழுந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அந்த வீட்டில் மகளைப் பற்றிய பேச்சே இல்லை. இல்லாமல் செய்தது நான்.

அத்தானின் வயல் இருக்கிற வயல்வெளி, எங்கள் பேச்சில் வட்டை, உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே பரந்து கிடக்கிறது. வரம்பில் ஏறியதும் ஒரு குரல் கேட்டது. பக்கத்து வயல்காரர். அத்தானோடு ஒன்றாய் வளர்ந்தவர்.

"வாங்க வாங்க மச்சினர்! கந்தோர் உத்தியோகத்தர் சப்பாத்தோட வரம்புல நடக்கிறத இண்டைக்குத்தான் பாக்கிறன். வழுக்கும், ஆனா விழுந்தா அழகாத்தான் இரிக்கும்."

அத்தான் காவலுக்குப் போட்ட குடிசையான வாடிக்கு முன்னால் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். "அக்காக்கு என்னவும் நடந்திற்றா?" என்று பதறினார்.

"அக்கா சுகமா இரிக்கிறா. அத்தான், அந்த ஹெல்மட் ரோட்டுல விழல்ல. நான்தான் எடுத்து வச்ச. வீட்டுலதான் கிடக்கு."

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். என்னை அடித்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். வாய்க்கால் ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்து போய்த் திரும்பி வந்தார்.

"ரோட்டோரக் குளத்துப் புல்லுக்குள்ளயும் இறங்கிப் பாத்தன்டா. பாம்புப் புத்துக்கெல்லாம் கை விட்டன். என்ட புள்ளைட சாமான எடுக்கிறதுக்கு ஒனக்கு ஆர் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. நானாத்தான்."

"ஏன் எடுத்தாய்?"

"பாத்தாக் கவலை கூடும் எண்டு நினைச்சன்."

"கவலை கூடட்டுமே. அது என்ட கவலைதானே."

அத்தான் வாடிக்குள் போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். கோபத்தில் இருக்கும்போதும் வந்த ஆளுக்குத் தண்ணீர் கொடுக்கிற மனிதர்.

"நீங்க எல்லாரும் நான் விட்டுற்று வந்திற்றன் எண்டு நினைக்கிறீங்க, என்ன?" என்றார். "அங்க அவட பேர ஒருத்தரும் சொல்றல்ல மச்சான். அப்பிடியொரு புள்ளை பிறக்கவே இல்லப் போல இரிக்கு. இஞ்ச இவனுகள் காலத்தால வந்தா அவளப் பத்தித்தான் கதைக்கிறானுகள். அதுக்குத்தான் இஞ்ச கிடக்கிறன்."

பக்கத்து வயல்காரர் கிட்ட வந்து, "மச்சினருக்கு அந்த மூலையக் காட்டினாயா?" என்றார். அத்தான் தலையாட்டி மறுத்தார். "அப்ப நான் சொல்றன்" என்று அவர் தொடங்கினார்.

மாரி விதைப்பின்போது நடந்தது அது. அவர் தன் வயலில் முளைவிதை எறிந்துவிட்டு, தண்ணீர் போகாமல் வாய்க்கால் வாயை மண்ணால் அடைத்திருக்கிறார். எங்கள் பிள்ளை ஒரு சிரட்டையை வாய்க்காலில் தோணியாக விட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அடைப்பில் தோணி முட்டியதும் இரண்டு கையாலும் மண்ணைத் தோண்டித் திறந்துவிட்டாள். தண்ணீர் பாய்ந்து, விதை முழுவதையும் வயலின் கீழ் மூலைக்கு அடித்துக்கொண்டு போய்விட்டது.

"நான் கத்திக்கொண்டு ஓடி வாறன். இவ இடுப்புல கையை வச்சிக்கொண்டு நிக்கிறா. 'எங்கட ஊர்ல தோணிக்கு ஆரும் வழிய அடைக்கிறல்ல மாமா' எண்டா. மீன்காரன்ட பேத்திதானே! நான் என்னத்தச் சொல்ல? மறுபடி விதைச்சன். அந்த மூலை மட்டும் பாய் விரிச்ச மாதிரி நெருக்கமா முளைச்சிற்று. எல்லாரும் என்ட வயலப் பாத்துச் சிரிச்சானுகள்."

அறுவடை வந்தது. அதற்கு முன்பே பிள்ளை போய்விட்டாள். வெட்டு மெசின் வந்தபோது அந்த மனிதர் சாரதியிடம் அந்த மூலையை விட்டுவிடச் சொல்லியிருக்கிறார். அக்கம்பக்கத்து வயல்காரர்கள் நாலு பேர் கதிர் அறுக்கிற தாக்கத்தியால் அதை அறுத்து, அடித்து, தூற்றி, ஒரு சின்னப் பையில் கட்டி அத்தானிடம் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றும் சொல்லவில்லையாம். "உன்ட மகள் விதைச்சது, நீ வச்சிரு" என்றது மட்டும்தான்.

"விதைக்கு உதவாத நெல்லு அது" என்றார் அவர். "நெருங்கி நிண்டது, பாதி சப்பி, உள்ளுக்கு அரிசி இல்ல. சொன்னாக் கேக்கானே உங்கட அத்தான். வாடிக்குப் பக்கத்துல தன்ட வயல் மூலையில எறிஞ்சிற்றுக் காவல் இரிக்கிறான். அவன் ரோட்டுல தேடப் போகக்குள்ள நாங்கதான் அவன்ட தண்ணி முறையப் பாக்கிற. கிளிக்கும் காவல், மயிலுக்கும் காவல். எங்கட வயல ஆர் பாக்கிற?"

அந்த மூலையை நான் பார்த்தேன். விரல் நீளத்துக்குப் பச்சை. மற்ற வயலைவிட அடர்த்தியில்லாமல் ஐதாகத்தான் இருந்தது.

அன்று மத்தியானமே திரும்பினேன். வழியெல்லாம் என் பட்டியலை நினைத்தேன். ஏழு பெயர், பெரிய எழுத்து, எல்லாம் அக்காவுக்கு. உன்னிச்சையாருக்கு ஒரு வரி இல்லை. பிறகொரு நாள் அந்தப் பயிற்சி தந்த பெண்மணியைக் கண்டு கேட்டேன். பொருட்களைப் பற்றி அவர் சொன்னது, குடும்பத்தைக் கேட்காமல் தொடவேண்டாம் என்பதாம். அதற்கு முன்பே எனக்கு அது தெரிந்துவிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதலில் யூரியாப் பையை இறக்கினேன். அதை அக்காவுக்கு முன்னால் வைத்து, பெண்கள் கேட்கத்தக்கதாக எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைகளைச் சுற்றிப் போகச் சொன்னதையும், பேரைச் சொல்லக்கூடாது என்றதையும், வீதியில் அத்தான் தேடியதையும், மூலை நெல்லையும். அக்கா பைக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். ஹெல்மட்டை எடுத்து மடியில் வைத்தாள்.

"அவர்தான் கண்ணுக்கு மறைவா எங்கயோ வச்சிற்றார் எண்டு நினைச்சன்" என்றாள். "கேட்டா அவருக்கு நோகும் எண்டு நான் கேக்கல்ல." பிறகு என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். சின்ன வயதில் வைக்கிற அதே குட்டு. நன்றாகவே வலித்தது. "நாளைக்கு விடிய நீயே போய் அந்தப் புள்ளையளிட்டச் சொல்லு, இந்தப் பக்கத்தால வரட்டாம். சத்தம் போட்டுக்கொண்டு வரட்டாம். பிறகு என்ன உன்னிச்சைக்கு ஏத்திக்கொண்டு போ."

பெண்கள் திடுக்கிட்டார்கள். மனைவி தேடிப்போய்க் கணவனைக் கூட்டிவருவது எங்கள் ஒழுங்கையில் இல்லாத வழக்கம்.

"பொம்புள போறதாகா? அவன்தானே வரணும்? நாளைக்கு ஊர் என்ன சொல்லும்?"

"நான் அவரத் தேடிப் போகல்ல" என்றாள் அக்கா. "என்ட புள்ளைட கதை அங்க கிடக்காம். அதக் கேக்கப் போறன்."

மீன்கார மாமி மட்டும் எழுந்தார். "அப்ப வெறுங்கையோடயா போற? வட்டைக்குள்ள கிடக்கிறவனுகள் மீனக் கண்டிரிக்க மாட்டானுகள். விடியத்துக்கு செல்வன் மீன் ரெண்டு பொரிச்சுத் தாறன்" என்றார். போகிற வழியில் குசினிக் கதவில் இருந்த பட்டியலையும் கிழித்து எடுத்தார். "மீன் சுத்தக் கடதாசி வேணும்."

அடுத்த நாள் விடிய பிள்ளைகளிடம் போய்ச் சொன்னேன், அலுவலகத்துக்கு லீவு சொன்னேன், பிறகு வெளிக்கிட்டோம். பின்னால் அக்கா, அவள் மடியில் ஹெல்மட்டும் பொரித்த மீனும். தேநீர்க் கடையில் நிறுத்தி, கடைக்காரப் பெண்ணிடம் ஹெல்மட்டைக் காட்டி, கிடைத்துவிட்டது, இனித் தேடவேண்டாம் என்றேன். "ஐயோ, நல்லதாப் போச்சு! புள்ளைக்கு இன்னம் அளவா?" என்றார் அவர். அக்கா மோட்டார்சைக்கிளில் இருந்து இறங்கிப்போய் அவருக்கு உண்மையைச் சொன்னாள். அந்தப் பெண் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று நான் பார்க்கவில்லை. மகளைப் பற்றி அக்கா தன் வாயால் ஒருவருக்குச் சொன்னது அந்த நான்கு மாதத்தில் அதுதான் முதல்தரம்.

அத்தான் எங்களைத் தூரத்திலேயே கண்டுவிட்டார். வரம்பால் ஓடி வந்தார். பக்கத்தில் வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அக்கா ஹெல்மட்டை நீட்டினாள். அவர் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்து, பெருவிரலால் தடவினார்.

"ஸ்டிக்கர் இன்னம் கிடக்கு" என்றார்.

"கிடக்கு" என்றாள் அக்கா.

வாடிக்கு முன்னால் அந்த நாலு வயல்காரர்களும் வந்து கூடினார்கள். மீன் உடனே முடிந்தது. பக்கத்து வயல்காரர் தோணிக் கதையை மறுபடி தொடங்கினார். நேற்றைவிட நீளமாகச் சொன்னார். அக்கா இடையில் மறித்தாள்.

"அதுதானா அண்டைக்குச் சட்டையெல்லாம் சேறு? வரம்புல வழுக்கி விழுந்திற்றன் எண்டுதானே எனக்குச் சொன்னவள்!"

"அம்மாட்டச் சொல்லாதங்க எண்டு இவனோட சேத்து எங்க அஞ்சு பேரிட்டயும் சத்தியம் வாங்கினவள்" என்றார் இன்னொருவர். "அதான் நாங்க இவ்வளவு நாளாச் சொல்லல்ல."

அக்கா சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் வந்தது. ஒருவரும் அவளை அழாதே என்று சொல்லவில்லை. அவர்களில் ஒருவர் அடுத்த கதையைத் தொடங்கினார். மயிலுக்குப் பெயர் வைத்த கதை. அதற்குப் பிறகு இன்னொன்று. அத்தான் தனக்குத் தெரிந்ததைச் சேர்த்தார், அக்கா வீட்டில் நடந்ததைச் சொன்னாள். இரண்டு பேரும் வேறு வேறாக வைத்திருந்த ஒரே பிள்ளையை அந்த வாடிக்கு முன்னால் ஒன்றாகச் சேர்ப்பதைப் போல இருந்தது. எனக்கும் சொல்ல ஒரு கதை இருந்தது. சொன்னேன்.

வெயில் சாய்ந்ததும் அத்தான் வாடிக்குள் போய் உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். "மூலையப் பாத்துக்கொள்ளு" என்று பக்கத்து வயல்காரரிடம் சொன்னார்.

"சனிக்கிழமை ரெண்டு பேரும் வாங்க" என்றார் அவர். "மச்சினர் வேணாம். சப்பாத்தோட வந்து வரம்ப ஒடைச்சிற்றார்."

அக்கா அத்தானின் பின்னால் ஏறினாள். ஹெல்மட் ஹாண்டிலில் பழைய இடத்தில் தொங்கியது. நான் தனியே பின்னால் வந்தேன். பாலத்தில் ஏறும்போது வாவியில் அப்பாவின் வயதுக்காரர்கள் வலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது என் வேலையில், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு வீட்டுக்குப் போகவேண்டி வந்தால், தாயைச் சுற்றி ஆட்கள் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் கதிரை அடுக்குகிற ஆளைத் தேடிப் போவேன். சாப்பிட்டீங்களா என்று கேட்பேன். பிறகு, பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்பேன்.

அன்று பின்னேரம் நாங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியபோது, மீன்கார மாமி வாசலில் நின்றார். அக்காவைப் பார்த்தார். அத்தானைப் பார்த்தார். உடுப்புப் பையைப் பார்த்தார்.

"உன்னிச்சையார்" என்று கூப்பிட்டார். "சோறு திண்டீங்களா?"

அத்தான் மோட்டார்சைக்கிளை நிறுத்தினார். "இல்ல மாமி."

"வாங்க, கறி கிடக்கு. அது சரி, அந்த ஹெல்மட் கடைசியா எங்கதான் கிடந்த?"

எங்கே கிடந்தது என்று மாமிக்கு நன்றாகத் தெரியும். அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பின் தொடக்கத்தைக் கண்டேன்.

"எங்கயும் தொலையல்ல மாமி" என்றார். "தாய்மாமன் பத்திரமா வச்சிருந்தவர்."